கடற்கரை மணலில் சேலத்துச் சாக்கு நூல்: நுண்ணெகிழி எங்கிருந்து வருகிறது?

கடற்கரை மணலில் கலந்து கிடக்கும் பிளாஸ்டிக் துணுக்குகள் யாருடையவை? கரையோர ஊர்களுடையவையா, கடலில் வலை விரிப்பவர்களுடையவையா, கடலைப் பார்த்தே இராத உள்நாட்டு நகரங்களுடையவையா? அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டுவரும் இந்தக் கேள்விக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல பதில்கள் வந்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் அந்தப் பதில்களை உரசிப் பார்க்க ஏற்ற இடம் சேலம்–நாமக்கல் சமவெளி. கடலிலிருந்து சாலை வழியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. விசைத்தறி, சாயப்பட்டறை, சேகோ ஆலை, கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை என்று பிளாஸ்டிக் இல்லாமல் ஒரு நாளும் நகராத தொழில்கள் இங்கே நெருங்கிக் கிடக்கின்றன. இதன் ஓடைகளும் ஆறுகளும் கடைசியில் வங்கக் கடலை நோக்கியே போகின்றன. உள்நாடுதான் கடற்கரையைக் கெடுக்கிறது என்பது உண்மையானால் அதன் தடயம் இங்கே தெரிய வேண்டும்.

கேள்வியின் வயது

1972இல் எட்வர்ட் கார்ப்பென்டர், கென்னத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் சர்காசோ கடலின் மேற்பரப்பில் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் மிதப்பதை ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. 2004இல் பிரிட்டனின் ரிச்சர்ட் தாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் கடற்கரை மணலிலும் கடலடிச் சேற்றிலும் கண்ணுக்கு எட்டாத இழைகளையும் துணுக்குகளையும் கண்டு சொன்ன பிறகுதான் ‘மைக்ரோபிளாஸ்டிக்’ என்ற சொல் நிலைபெற்றது. 2008இல் அமெரிக்கக் கடல்சார் நிர்வாகம் கூட்டிய பட்டறைக்குப் பின் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துணுக்கு நுண்ணெகிழி என்ற வரையறை பரவலானது. ஒரு மிளகின் அளவிலிருந்து கண்ணுக்கே தெரியாத தூசி வரை எல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பின்னாளில் எழுந்த குழப்பங்களில் பாதி இந்த வரையறையின் அகலத்திலிருந்து பிறந்தவை என்று சொல்லலாம்.

சிறியதாகவே செய்யப்பட்டவை முதல்வகை. ஆலைகள் உருக்கி வார்க்கும் மூலக்குருணைகள் இதில் சேரும். பெரிய பொருள் வெயிலிலும் உராய்விலும் சிதைந்து சிறிதானவை இன்னொரு வகை. நம் கடற்கரைகளில் இரண்டும் கிடைக்கின்றன.

ஆறுகளே காரணம் என்ற பதில்

2015இல் ஜென்னா ஜாம்பெக் குழு வெளியிட்ட கணக்கு இந்தப் பதிலுக்குப் பெரிய வலுவாக அமைந்தது. 192 கரையோர நாடுகளிலிருந்து 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் பிளாஸ்டிக் கடலுக்குப் போயிருக்கும் என்று அது மதிப்பிட்டது. 2017இல் உலகின் பத்து ஆறுகளே ஆற்றுவழிப் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைச் சுமக்கின்றன என்ற செய்தி எல்லா மொழிகளிலும் பரவியது. 2021இல் லூரன்ஸ் மெய்ஜர் குழு அதைத் திருத்தியது. 80 விழுக்காட்டைச் சுமப்பவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள், அவற்றில் ஊர் நடுவே ஓடும் சின்ன ஆறுகள் பல என்பது அவர்கள் முடிவு. நம்மைப் பொறுத்தவரை இந்தத் திருத்தம் முக்கியமானது. சேலத்துத் திருமணிமுத்தாறு போன்ற நகர ஆறுகள் அதன் பிறகுதான் கணக்குக்குள் வரத் தொடங்கின.

தமிழ்நாட்டுச் சான்றுகளும் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வு நம் கரையில் 25 இடங்களில் மணல் எடுத்துப் பார்த்து, ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய கரைகளில் நுண்ணெகிழி கூடுதலாக இருப்பதைக் கண்டது. 2015 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னைக் கரையில் மூலக்குருணைகள் அதே ஆண்டு மார்ச்சில் இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெருகியிருந்ததை வீரசிங்கம் குழு பதிவு செய்தது. கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்த்தவை அவை என்பது அவர்களின் விளக்கம்.

பலவீனமும் இங்கேயே இருக்கிறது. உலகக் கணக்குகள் பெரும்பாலும் ஆற்றில் அளந்தவை அல்ல. மக்கள்தொகை, தலைக்கு இவ்வளவு குப்பை, அதில் இவ்வளவு பங்கு முறையாக அள்ளப்படாதது என்று பெருக்கி வந்தவை. 2021இல் லிசா வைஸ் குழு, ஆறுகள் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் நுண்ணெகிழி நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை மிகையாகச் சொல்லப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டது. ஒரு மதிப்பீடு அவ்வளவு தூரம் மாறக்கூடும் என்றால், அதை நம்பி ஒரு குறிப்பிட்ட ஊரைக் குற்றம் சொல்வது கடினம்.

கடலும் கரையுமே காரணம் என்ற பதில்

பசிபிக் பெருங்குப்பைத் திட்டை 2018இல் ஆராய்ந்த குழு, அங்குள்ள எடையில் 46 விழுக்காடு மீன்பிடி வலைகள் என்றது. கப்பல் விபத்துகள் இந்தப் பதிலுக்கு இன்னும் நேரடியான சான்று. 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கொட்டி இலங்கையின் மேற்குக் கரையை வெண்மணல் போல மூடியது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ‘எம்எஸ்சி எல்சா 3’ மூழ்கியபோது அதே வகைக் குருணைகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கின. அந்தக் குருணைக்கு எந்த ஆற்றையும் பழி சொல்ல முடியாது.

நீரோட்டமும் இந்தப் பதிலுக்குத் துணை நிற்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் அது வடக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே நாகப்பட்டினத்தில் கிடைக்கும் ஒரு துணுக்கு காவிரி கொண்டுவந்ததாகவும் இருக்கலாம், கிருஷ்ணாவோ கோதாவரியோ கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். மணலில் கிடக்கும் துணுக்கில் ஊர்ப் பெயர் இருப்பதில்லை.

சமவெளியின் இரண்டு வடிகால்கள்

சேலம் மாவட்டத்துத் தண்ணீர் ஒரே கடற்கரைக்குப் போவதில்லை. இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மேற்குப் பக்கம் காவிரியுடையது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் சாக்கடைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் இறங்கிக் காவிரியில் சேர்கிறது. ஓமலூர்ப் பக்கத்துச் சரபங்காவும் அப்படியே. இரண்டும் மேட்டூருக்குக் கீழே சேர்கின்றன. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை கர்நாடகத்திலிருந்து வரும் வண்டலோடு பிளாஸ்டிக்கையும் ஓரளவு பிடித்து நிறுத்தக்கூடும். சேலத்துச் சாக்கடையை அது தடுக்காது. குமாரபாளையம், பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறைகளும் தறிப்பட்டறைகளும்கூட அணைக்குக் கீழேதான் இருக்கின்றன.

அணையைத் தாண்டினாலும் ஆறு தடையின்றி ஓடுவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள் தண்ணீரைத் தேக்கித் தேக்கி அனுப்புகின்றன. அதற்கும் கீழே ஜேடர்பாளையம் தடுப்பணை, மாயனூர் கதவணை, முக்கொம்பு மேலணை, கல்லணை. தேங்கிய தண்ணீரில் கனமான துணுக்கு அடியில் படிகிறது. இலேசானது ஆகாயத்தாமரையில் சிக்குகிறது. கோடையில் பள்ளிபாளையம் அருகே ஆற்றை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையில் ஒரு கொத்தைக் கரைக்கு இழுத்துப் போட்டுப் பாருங்கள்: வேர்க்கற்றைக்குள் ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல் உருண்டை, சாயம் ஏறிய நூல் கழிவு. வியட்நாமின் சைகோன் ஆற்றில் நடந்த ஆய்வும், மிதந்து வரும் பிளாஸ்டிக்கின் பெரும்பங்கு இந்தச் செடித் திட்டுகளோடுதான் பயணம் செய்கிறது என்று காட்டியது.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. சாதாரண ஆண்டில் தண்ணீரின் பெரும்பங்கு பாசனத்துக்குப் போய் வயலில் முடிகிறது. பூம்புகாரில் கடலைத் தொடும் காவிரி ஒரு சிறு வாய்க்கால் அளவுதான். வெள்ளம் வந்தால் கதை வேறு. மிஞ்சும் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில் திரும்பிப் பழையாறு அருகே கடலில் விழுகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் அடித்துச் செல்லப்பட்ட வெள்ளம் நினைவிருக்கும். அதே ஆண்டு மான்செஸ்டர் வட்டாரத்து ஆறுகளை ஆராய்ந்த ரேச்சல் ஹர்லி குழு, ஒரு வெள்ளப் பருவம் ஆற்றுப் படுகையில் சேர்ந்திருந்த நுண்ணெகிழியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை வழித்துக்கொண்டு போனதாகக் கண்டது. காவிரிக்கு இப்படி ஓர் அளவீடு இருக்குமானால், அநேகமாகப் பல ஆண்டு அமைதியும் சில நாள் பாய்ச்சலும் கொண்ட ஒரு படமே கிடைக்கும். ஆண்டுக்கு இத்தனை டன் என்று சராசரி எடுத்துச் சொல்வது இந்த ஆற்றின் இயல்புக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

கிழக்குப் பக்கத்து வடிகால் வேறு. ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம் வட்டாரத்துத் தண்ணீர் வசிஷ்ட நதியில் இறங்கி, சுவேத நதியோடு கூடி, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. சேகோ ஆலைகள் மிகுந்த பகுதி இது. ஆனைமடுவு, கரியகோவில் அணைகள் மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகின்றன. கீழே தொழுதூர், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுகள் உண்டு என்றாலும், காவிரியில் உள்ளதைப் போல அணைக்கு மேல் அணை இங்கே இல்லை. வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஒரே சமவெளி, ஒரே வகைத் தொழில், ஒரு பக்கம் அணைகள் நிறைந்த ஆறு, மறுபக்கம் குறைந்த ஆறு. பழையாறு, பரங்கிப்பேட்டை ஆகிய இரு முகத்துவாரங்களையும் ஒரே முறையில், வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், அணைகள் பிளாஸ்டிக்கைப் பிடித்து வைக்கின்றனவா என்ற கேள்விக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

சாக்கு, ஜரிகை, டயர்

சமவெளியில் எங்கும் கிடைக்கும் பிளாஸ்டிக் பொருள் பாலிப்ரொப்பிலீன் சாக்கு. தீவன மூட்டை, மாவு மூட்டை, சிமென்ட் மூட்டை எல்லாம் அதுதான். காலியான சாக்கு கோழிப்பண்ணையில் சாரலுக்குப் படுதாவாகிறது, வாய்க்கால் உடைப்பில் மணல் மூட்டையாகிறது, கிணற்று மேட்டில் மோட்டாருக்கு மூடாக்காகிறது. புதுச் சாக்கை இரண்டு ஆள் பிடித்து இழுத்தாலும் கிழியாது. சில மாதம் வெயிலில் கிடந்ததைத் தொட்டால் பட்டையான நாடாக்கள் விரல் பட்ட இடத்தில் பிரிந்து, நாடா நூலாகி, நூல் பொடியாகிக் கையில் வெள்ளைத் தூளாக ஒட்டுகிறது. புற ஊதா ஒளி மூலக்கூற்றுச் சங்கிலியை அறுத்துவிட்டதன் விளைவு அது. அடுத்த மழையில் அந்தத் தூள் வாய்க்காலில் இருக்கும்.

இந்தச் சாக்கின் பிளாஸ்டிக் தண்ணீரைவிட இலேசானது. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிராம். பாலித்தீன் பையும் அப்படியே. இரண்டும் மிதக்கும், கடலுக்குப் போகும், அலை திருப்பிக் கரையில் எறியும். பாலியெஸ்டரின் அடர்த்தி 1.38. கடல்நீரோ 1.03க்குள். சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் நெய்யும் சேலையில் ஓடும் மலிவு ஜரிகை பெரும்பாலும் உலோகப் பூச்சு ஏற்றிய பாலியெஸ்டர் படலம். அதன் துணுக்கும், துணி துவைக்கும்போது கழலும் பாலியெஸ்டர் இழையும் ஓடும் தண்ணீரில் கொஞ்ச தூரம் போகும். தண்ணீர் தேங்கிய இடத்தில் மெல்லப் படியும்.

டயர் தூசியும் அப்படித்தான். நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிகள் நாடு முழுவதும் ஓடுகின்றன. அவற்றின் டயர் தேய்மானம் எல்லா மாநிலத்துச் சாலையோரங்களிலும் விழுகிறது. டயர்கள் தேய்ந்து சிந்துவது உலகச் சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 0.81 கிலோ என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்துக்காகப் பூஷே, ஃப்ரியோ இருவரும் எழுதிய அறிக்கை, கடலுக்கு வரும் முதல்வகை நுண்ணெகிழியில் செயற்கைத் துணி துவைப்பதால் வருவது 35 விழுக்காடு, டயர் தேய்மானம் 28 விழுக்காடு என்றது. துணி கழிக்கும் இழையும் டயர்த் தூசியும் பயன்பாட்டின்போதே துணுக்காக உதிர்வதால் அவற்றையும் அவர்கள் முதல்வகையில் சேர்த்திருந்தார்கள். துணித் தொழிலும் லாரித் தொழிலும்தான் இந்தச் சமவெளியின் முதுகெலும்பு.

ஆனால் கடற்கரை ஆய்வுகளில் கூடுதலாகக் கிடைப்பவை பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும். இதற்கு இயற்கை ஒரு காரணம், ஆய்வகம் இன்னொரு காரணம். வழக்கமான முறையில் மணலை உலர்த்திச் சலித்து உப்புக் கரைசலில் கலக்குகிறார்கள். மேலே வருவதை வடிகட்டி நுண்ணோக்கியில் வைத்து எண்ணுகிறார்கள். சமையல் உப்பை எவ்வளவு கரைத்தாலும் கரைசலின் அடர்த்தி 1.2ஐத் தாண்டாது. 1.38 அடர்த்தியுள்ள பாலியெஸ்டர் அதில் மேலே வராது. துத்தநாகக் குளோரைடு போன்ற கனமான கரைசலில் வரும், ஆனால் அதற்குச் செலவு அதிகம், நச்சும் உண்டு. மலிவான உப்பைப் பயன்படுத்திய ஆய்வில் தறி ஊரின் இழை பாதி வழியிலேயே பட்டியலிலிருந்து விடுபட்டுப் போயிருக்கலாம்.

இழையிலும் எல்லாம் பிளாஸ்டிக் அல்ல. 2020இல் சுவாரியா குழு உலகக் கடல்களில் மிதக்கும் இழைகளைச் சோதித்தபோது 8.2 விழுக்காடுதான் செயற்கை இழை, மற்றவை பருத்தி, கம்பளி போன்றவை என்று தெரிந்தது. பருத்தியும் ரேயானும் நெய்யும் ஊர்களுக்கு அருகே நுண்ணோக்கியை மட்டும் நம்பி எண்ணினால் எண்ணிக்கை ஊதிப்போகும். இழை எதனால் ஆனது என்று காட்டும் நிறமாலைச் சோதனை செய்யாத கணக்கை எச்சரிக்கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இயற்கைக் காரணத்தையும் ஆய்வகக் காரணத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: கடற்கரை ஒரு சாட்சி, ஆனால் மிதக்கும் பொருளுக்கு மட்டும் சாட்சி. அதன் வாக்குமூலத்தை வைத்துச் சேலத்துப் பையையும் சாக்கையும் விசாரிக்கலாம். ஜரிகையையும் டயரையும் விசாரிக்கக் கதவணைச் சேற்றுக்கும் ஏரி மடைக்கும் போக வேண்டும்.

கரையின் தரத்தை எதை வைத்துச் சொல்வது?

2021இல் சென்னைக்கு அருகே உள்ள கோவளம் கடற்கரைக்குக் கடற்கரைத் தரத்துக்கான நீலக்கொடிச் சான்று கிடைத்தது. மகிழ வேண்டிய விஷயம்தான். அந்தச் சான்றின் குளிநீர்ச் சோதனை கழிவுநீர்க் கிருமிகளைத் தேடுகிறது. தூய்மைச் சோதனை கண்ணுக்குத் தெரியும் குப்பையைப் பார்க்கிறது. இஸ்ரேலில் 2007இல் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் கரைத் தூய்மைக் குறியீடு 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளையே எண்ணுகிறது. அந்தக் குறியீட்டில் ‘மிகத் தூய்மை’ என்று வரும் கரையிலும் ஒரு கைப்பிடி மணலில் துணுக்குகள் இருக்கலாம். காலையில் மணலை வாரிச் சலிக்கும் இயந்திரத்தின் சல்லடைக் கண்ணும் நுண்ணெகிழியைப் பிடிக்கும் அளவில் இருப்பதில்லை.

ஆய்வுகளுக்குள்ளும் அளவுகோல் ஒன்றல்ல. ஒருவர் சதுர மீட்டருக்கு எண்ணுகிறார், இன்னொருவர் கிலோ மணலுக்கு எண்ணுகிறார். தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2019இல் ஐந்து தமிழகக் கரைகளைப் பற்றி எழுதியபோது, கடலேற்றக் கோட்டில் எடுத்த மணலும் தாழ்வுக் கோட்டில் எடுத்த மணலும் ஒன்றுபோல இல்லை என்று காட்டினார்கள். எந்தக் கோட்டில் அள்ளினோம் என்பதே முடிவை மாற்றும்போது, மெரினாவைவிட இது மோசம், அது மேல் என்று தரவரிசை போடுவது அவசரம்.

வழியில் தங்குபவை

கடலை எட்டாதது எங்கே போகிறது? 2021, 2022 ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதைத் தொடுகின்றன. கிருஷ்ணராஜ சாகர் அருகே காவிரித் தண்ணீரில் நுண்ணெகிழி இருப்பதையும், அந்தத் தண்ணீருக்கு ஆளான மீன்களில் எலும்புக் குறைபாடு தெரிவதையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உபேந்திர நொங்தோம்பா குழு எழுதியது. நுண்ணெகிழி மட்டுமே காரணம் என்று அது அறுதியிடவில்லை. அதே தண்ணீரில் வேறு மாசும் கலந்திருந்தது. வீராணம் ஏரியிலும் நுண்ணெகிழி இருப்பதை இன்னோர் ஆய்வு காட்டியது. வீராணத்துக்குத் தண்ணீர் கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது, அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. அதில் சேலத்துப் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கு வழியில்லை. பாதை மட்டும் வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது.

வயலின் பங்கு இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. திருமணிமுத்தாற்றுத் தண்ணீர் பாயும் நிலங்கள் உண்டு. தக்காளிக்கும் தர்பூசணிக்கும் விரிக்கும் மல்ச்சிங் ஷீட் அறுவடைக்குப் பின் உழவில் கிழிந்து மண்ணோடு கலக்கிறது. கழிவுநீர்க் கசடு வழியாக ஐரோப்பிய விளைநிலங்களில் ஆண்டுக்கு 63,000 முதல் 4,30,000 டன் வரை நுண்ணெகிழி சேரலாம் என்று 2016இல் நிட்செட்டோ குழு மதிப்பிட்டது. கடலின் மேற்பரப்பில் மிதப்பதாகச் சொல்லப்படும் அளவைவிட இது கூடுதலாக இருக்கலாம் என்பதால்தான் அது அதிர்ச்சி தந்தது. இங்கே அப்படி ஒரு கணக்கு எடுத்தால் குறைவாக வரும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

தீராதவை

கரையோர ஆறுகளிலிருந்து வெள்ளக் காலத்தில் நுண்ணெகிழி கடற்கரைக்கு வருகிறது என்பது தமிழ்நாட்டில் ஓரளவு உறுதியான செய்தி. கப்பலும் வலையும் தனியாகச் சேர்க்கின்றன என்பதும் அப்படியே. நூறு மைலுக்கு அப்பால் உள்ள தொழில் சமவெளி, அணைகளைக் கடந்து, எவ்வளவு சேர்க்கிறது என்பது நிறுவப்படவில்லை. மறுக்கப்படவும் இல்லை. மிதக்கும் பொருளைப் பொறுத்தவரை அது சேர்ப்பது நடக்கக்கூடியது, கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் பெருவெள்ளம் போகும் நாட்களில் அநேகமாக நடக்கிறது. மூழ்கும் பொருளைப் பொறுத்தவரை கடற்கரை மணலில் பதில் தேடுவதே தவறான இடத்தில் தேடுவதாகலாம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. தீவனச் சாக்கும் ஜரிகையும் டயரும் அந்தப் பட்டியலில் வரக்கூடியவை அல்ல. அவற்றை நம்பிப் பல லட்சம் பேர் பிழைக்கிறார்கள். அவற்றின் தூசி எங்கே படிகிறது என்று அளந்து பார்ப்பதற்கு அது தடையாக வேண்டியதில்லை. ஜேடர்பாளையத்திலும் மாயனூரிலும் கோடையில் தண்ணீர் வடிந்ததும் சேறு வெளியே தெரிகிறது. அதில் ஆண்டு வாரியாகப் படிந்த அடுக்குகள் இருக்கலாம். ஒரு குழாயை இறக்கி அந்தச் சேற்றை மேலே எடுத்து, கனமான கரைசலில் பிரித்து, நிறமாலையில் வைத்துப் பார்த்தால், 2018 வெள்ளத்துக்கு முன் இருந்த அடுக்கு இன்னும் அங்கேயே இருக்கிறதா, கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்விட்டதா என்பது தெரிந்துவிடும்.